காய்ந்த வைன்

மழை பிடித்துப் பதினேழு நாள்.
கந்தப்பளையில் காயாதவை:
லயத்துக் கொடியில் சேலை,
ஹோட்டல் கொடியில் மேசைத்துணி,
தவமணியின் படங்கு, என் சப்பாத்து.
காய்ந்தது ஒன்றே ஒன்று,
அதுவும் போத்தலுக்குள் தண்ணியாய் ஆடுகிறது.

"டிரை என்று சொல்லு.
இனிப்பு இல்லை என்று அர்த்தம்"
என்றார் மேனேஜர் வெத்தசிங்க.
சீனி முடிந்த வாரத்துப் பிளேன்டீயை
இனி நானும் அப்படியே சொல்லலாம்.

மூன்று திராட்சை. பாடமாக்கினேன்.
கொலம்பார் பாதிக்கு மேல்,
உக்னி பிளாங்க் கால்வாசி,
மிச்சம் சோவிஞ்ஞோன்.
நாலாம் மேசைப் பிரெஞ்சுக்காரி
சிரித்துக்கொண்டே திருத்தினாள்:
பிளாங்க் இல்லை, பிளான்.
கடைசி எழுத்தை எழுதுவோம், சொல்ல மாட்டோம்.

அட, இது எனக்குத் தெரிந்த இலக்கணம்.
செக்ரோலில் தவமணி என்று எழுதுவார்கள்,
கூப்பிடுவது நம்பரை.
கொழுந்து இரண்டு கிலோ குறைந்தால்
பேரிலும் பாதிதான் விழும்.
அரைப்பேர்.

போத்தலின் முதுகில்
செய்தவளைப் பற்றி எழுதியிருக்கிறது.
ஆர்மெல் துவாசான்.
கஸ்கோன் பக்கத்து மேட்டுநிலம்,
தகப்பன் விட்டுப்போன காணி,
கடனில் வாங்கிய உருக்குத் தொட்டி நாலு.
பழம் சூடாகக் கூடாதென்று
அறுவடை ராத்திரியில்தானாம்.
வாயில் பச்சை எலுமிச்சை, பேரிக்காய்,
பின்னால் மெதுவாக ஈரக்கல்.

ஈரக்கல்லின் ருசி எது என்று
விருந்தாளிகள் புருவம் உயர்த்துவார்கள்.
சிரித்துவைப்பேன்.
பீலிக்கரையில் வளர்ந்தவளிடம்
யாரும் அதைக் கேட்டதில்லை.

எதோடு எது போகும் என்பது
ஜுனைதீன் மாஸ்டரின் வேலை.
ட்ரவுட் மீன், வெண்ணெயில் வாட்டிய லீக்ஸ், சரி.
ஆட்டுப்பால் சீஸ், சரி.
டெவில் கோழிக்கு மட்டும் வேண்டாம்,
மிளகாய்க்கு முன்னால் இது ஊமைப் பிள்ளை,
பியர் எடுங்கள் சேர் என்று
பணிவாகச் சொல்லிவிடு.

ஒன்பதாம் மேசைக்காரர் சண்டை பிடித்துக்கொண்டு
பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனார்கள்.
போத்தலில் மூன்றில் ஒரு பங்கு.
வெத்தசிங்கவுக்குச் சொல்லவில்லை.
கம்பளிக் கோட்டுக்குள் வைத்து
இறக்கத்தில் நடந்தேன்,
குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி
ஒரு கையால் அணைத்து.

அடுப்படியில் நானும் தவமணியும்,
பிளாஸ்டிக் கோப்பை இரண்டு.
ரொட்டியும் கட்டச்சம்பலும்: வைன் செத்தது.
கொழுந்துச் சம்பல்: அதைவிட மோசம்,
துருப்பிடித்த ஆணியை நக்கினது போல.
தவமணி முகத்தைச் சுளித்து,
"இதுக்கா என் பத்து நாள் பேரு?" என்றாள்.

பிறகு நெத்தலி பொரித்தாள்.
தேசிக்காய் பிழிந்தாள். உப்பு, வேறொன்றுமில்லை.
ஒரு மிடறு.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் கதைக்கவில்லை.
மேசை முழுக்க முள்ளுக்கரண்டி அடுக்கி
ஜுனைதீன் மாஸ்டர் தேடுவது
எங்கள் அலுமினியத் தட்டில் கிடந்தது.

"யாரு செஞ்சது?"
சொன்னேன்.
"முழுப் பேரும் போட்டிருக்கா?"
காட்டினேன்.
கொழுந்துக்கறை பிடித்த விரலை
எழுத்தெழுத்தாய் நகர்த்தினாள்,
சொல்லாத எழுத்தையும் விடாமல்.
"ராத்திரியில பறிச்சவங்க பேரு?"
திருப்பிப் பார்த்தேன். முன்னும் பின்னும்.
அது இல்லை.
"ம்," என்றாள்,
கடைசி நெத்தலியை எனக்குத் தள்ளிவிட்டு.

அந்தப் போத்தலில் இப்போது தேங்காயெண்ணெய்.
இந்தக் குளிரில் அது உறைந்து
வெள்ளையாய் நிற்கிறது.
பிரட்டுக்குப் போகுமுன் தவமணி
அடுப்புக்கல்லோரம் சாய்த்துவைப்பாள்.
உருகும்வரைக்கும்
தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு
லேபிளைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.
துவாசான் போய்விட்டாள்,
கஸ்கோனும் போய்விட்டது.
பிளாங்க்கின் கடைசி எழுத்து மட்டும்
கண்ணாடியை விடவில்லை.